மறு: ஏர் ஃப்ரையர்ல ஒட்டிக்கிட்டு வராத அந்த மஞ்சப் படலத்துக்கு என்ன பேரு வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா புதுச்சொல் தேடுற நம்ம குழுவோட மடல்களைப் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுத முடியல. இப்பதான் எங்க வீட்டு ஏர் ஃப்ரையரைக் கழுவிக் கவுத்து வச்சிட்டு வந்து உக்காந்திருக்கேன், கை இன்னும் ஈரம், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

> முதல்ல கருவிக்கே ஒரு பேரை முடிவு பண்ணிட்டு மத்ததுக்குப் போவோமே. காற்று வறுப்பான், வளிப்பொரிப்பான், அனல்காற்றடுப்பு, மூணுல எது?

தம்பி, இதுல இறங்கினா இந்த வருஷம் முடியாது. என் கருத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். பொரிக்கறதுன்னா கொதிக்கிற எண்ணெய்ல போட்டு எடுக்கறது, இந்தப் பெட்டி அதைச் செய்யறதே இல்ல. மேல ஒரு கம்பிச்சுருள், அதுக்கு மேல ஒரு விசிறி, சூடான காத்தை வேகமாச் சுத்த விடுது, அது கூடை ஓட்டை வழியாப் பூந்து பொருளைச் சுத்தி வந்து மறுபடி மேல ஏறுது, அவ்வளவுதான் விஷயம், சின்னதா அடக்கி வச்ச கன்வெக்‌ஷன் அவன்னு சொன்னாப் போதும். 2010ல பிலிப்ஸ் இதை ஏர்ஃப்ரையர்னு பேர் போட்டு இறக்குச்சு, அந்தப் பேரே ஊரெல்லாம் ஒட்டிக்கிச்சு. அனல்காற்றடுப்புக்கு என் ஓட்டு, ஆனா வீட்ல 'அந்த ஏர் ஃப்ரையரை ஆஃப் பண்ணு'ன்னுதான் நானே சொல்லுவேன். ஏற்கெனவே வாயில புழங்குற சொல் இருக்கறப்போ அதைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணைத் திணிக்கிறதுல எனக்கு ஆர்வம் குறைவு. பேரே இல்லாம நிக்கிற பொருளுக்குத்தான் நாம உழைக்கணும், அந்த மஞ்சப் படலம் அப்படி நிக்குது.

> அதுக்கு 'எண்ணெய்க் கறை'ன்னு ஒரு சொல் இருக்கே, புதுசா எதுக்கு?

இங்கதான் ஐயா நான் உங்களோட முரண்படறேன். கறைன்னா சாயம் ஏறுனது, துணில காப்பி கொட்டுனா கறை. இழுப்பறையோட மூலையிலயும் சல்லடைத்தட்டோட அடியிலயும் இருக்கறது சாயமில்ல, ஒரு தோல். தடிமன் இருக்கு, விளிம்பு இருக்கு, சொட்டு வழிஞ்ச இடத்துல கண்ணீர் மாதிரி ஒரு குமிழ்கூட இருக்கு. பேரைத் தப்பா வச்சா வைத்தியமும் தப்பாப் போயிடும், அதுதான் என் மொத்த வாதமும். நான் முதல் வருஷம் பூரா 'அழுக்கு'ன்னு நெனச்சு அதைத் தேய்ச்சேன். தேய்ச்சாப் போகலன்னு ஸ்டீல் நாரை எடுத்தேன், படலம் அப்படியே இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல இருந்த நான்ஸ்டிக் பூச்சுதான் போச்சு, கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையா அலுமினியம் பல்லைக் காட்டுச்சு.

சரி, என்ன பொருள் அதுன்னு பாப்போம். வேதியியல் எடுக்கற அக்கா போன மடல்ல ஒரு வரியில சொல்லிட்டுப் போனதை நான் கொஞ்சம் விரிச்சு எழுதறேன், தப்பிருந்தா திருத்துங்க அக்கா.

எண்ணெய் மூணு நிலையில ஒட்டுது. முதல் நிலைல அது இன்னும் எண்ணெய்தான், வழவழன்னு இருக்கும், சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் போட்டா வந்துடும். இதுக்கு நம்மகிட்ட அருமையான சொல் இருக்கு, பிசுக்கு. ரெண்டாவது நிலைல அதே பிசுக்கு திரும்பத் திரும்பச் சூடாகி, காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து, மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து வலை மாதிரி ஆயிடுது. பள்ளிப் புத்தகத்துல பலபடியாதல்னு வரும். இப்ப அது எண்ணெயே இல்ல, ஒரு வகை வார்னிஷ். சோப்போட வேலை எண்ணெயைத் தண்ணியில கலந்து கொண்டுபோறது, இங்க கலக்கறதுக்கு எண்ணெய் எங்க இருக்கு? அதான் எவ்வளவு நுரை வந்தாலும் அசையல. மூணாவது நிலை கரி. கருகிக் கருப்பாகி உதிரும், அதுக்கும் பேரு இருக்கு.

நடுவுல இருக்கற அந்த ரெண்டாவதுதான் அனாதை. இங்கிலீஷ்லயும் அதுக்கு வீட்டுப்பேரு ஒண்ணும் உருப்படியா இல்ல, சுட்டுப் பிடிச்ச கிரீஸ்ங்கற மாதிரி சுத்தி வளைச்சுதான் சொல்றாங்க. அதனால மொழிபெயர்க்கறதுக்கு ஒண்ணுமில்ல, நாமளே பாத்து வைக்கவேண்டியதுதான்.

மூணையும் பிரிச்சுப் பாக்க நான் நகத்தை வச்சுக்கறேன். காஞ்ச பாத்திரத்துல நகத்தை அழுத்தி இழுங்க. நகக்கண்ணுல மெழுகு மாதிரி சேந்து வந்தா பிசுக்கு. நகம் கண்ணாடி மேல போற மாதிரி வழுக்கிட்டுப் போனா, இல்ல லேசா ஒட்டி 'டிக்'னு விட்டா நம்ம அனாதை. கருப்புப் பொடி உதிர்ந்தா கரி. அந்த மூலை முடுக்குல மட்டும் சில சமயம் மூணும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும், அடில மஞ்சள், நடுவுல பழுப்பு, மேல நேத்துப் போட்ட எண்ணெய்.

> 'எண்ணெய்ப் பிசின்' எப்படி? பிசின்னா ஒட்டும், இறுகும், மஞ்சளாவும் இருக்கும்.

நல்ல சொல்தான், எனக்கும் முதல்ல பிடிச்சுது. ஆனா பிசின்னாலே மரத்துல வடியறதும், கவர் ஒட்டறதும்தான் ஞாபகம் வருது, கேக்கறவன் 'எண்ணெய்ல செஞ்ச பசை'ன்னு எடுத்துப்பான்.

> இறுகெண்ணெய்?

இதுவும் அழகு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. சிக்கல் என்னன்னா வனஸ்பதியும் இறுகுன எண்ணெய்தானே, குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையறதையும் இறுகிடுச்சுன்னுதான் சொல்றோம். அது ரெண்டும் சூடு பட்டா உருகிடும், நம்மாளு சூடு பட்டுத்தான் இறுகவே செஞ்சான். முழுக்க எதிர் நடத்தை, ஒரே பேரு கூடாது. நெய்ப்பொருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, பழைய தமிழ்ல நெய்னா எல்லா எண்ணெய்க்கும் பொதுங்கறது சரிதான், ஆனா இன்னிக்கு அதைப் படிக்கறவங்களுக்கு நெய் டப்பாதான் கண்ணுல வரும்.

நான் முன்வைக்கிறது: காய்பிசுக்கு.

காரணம் சொல்றேன். காய்தல்னா நமக்கு ரெண்டு பொருள். 'எண்ணெய் காயட்டும், அப்புறம் போடு'ன்னு அடுப்படியில சொல்றப்போ சூடேறுறது. 'துணி காயட்டும்'னா ஈரம் போய் உலர்றது. இந்தப் படலத்துக்கு ரெண்டுமே நடக்குது! சூட்டுல காய்ஞ்சுதான் அது பெயின்ட் காயற மாதிரி காயுது. பெயின்ட்டுன்னு சும்மா சொல்லல, ஆளி விதை எண்ணெயை ஓவியத்துல பயன்படுத்துறதுக்குக் காரணமே இதுதான், அது காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்துத் தானா இறுகும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்லயும் அந்தக் குணம் பாதி இருக்கு, தேங்காய் எண்ணெய்ல ரொம்பக் கம்மி. எந்த எண்ணெய் ஊத்துனா எவ்வளவு காய்பிசுக்கு பிடிக்கும்ங்கறதுக்கு இது பாதி விடை. மீதிப் பாதி அந்த ஸ்ப்ரே டப்பாக்கள், அதுல எண்ணெயோட லெசித்தின்ங்கற ஒரு கொழுப்புப் பொருளும் சேர்த்திருப்பாங்க, சூட்டுல அது கோந்து மாதிரி ஒட்டிட்டு வரவே வராது. சாதா எண்ணெயை பிரஷ்ல தொட்டுப் பொருள் மேல தடவறதுதான் நல்லது, கூடை மேல இல்ல.

இன்னொண்ணு, இரும்புச் சட்டியைப் பழக்கறோம்ல, எண்ணெய் தடவிச் சுட்டுச் சுட்டுக் கருப்பா ஒரு பூச்சு ஏத்தறோமே, அதுவும் இதே பொருள்தான். அங்க வேணும்னு ஏத்தறோம், இங்க வேணாம்னு அழறோம். சொல் ஒண்ணா இருந்தா ரெண்டுக்கும் உள்ள சொந்தம் தானாப் புரியும்.

> 'காய்ப்பிசுக்கு'ன்னா காய்கறியோட பிசுக்குன்னு ஆயிடாதா?

இலக்கண ஐயா கேப்பீங்கன்னு தெரியும். ப் போட்டாத்தான் அது காயோட பிசுக்கு, வேற்றுமைத்தொகை. நான் எழுதுறது ப் இல்லாம, காய்பிசுக்கு, வினைத்தொகையில வல்லினம் மிகாது. சுடுகாடு, ஊறுகாய், காய்கதிர் மாதிரி. காய்ந்த, காய்கிற, காயும்னு மூணு காலமும் உள்ள அடங்குது பாருங்க, நேத்துப் பிடிச்சதும் இன்னிக்குப் பிடிக்கிறதும் கழுவாம விட்டா நாளைக்குப் பிடிக்கப்போறதும் ஒரே சொல்லுக்குள்ள. எழுத்துல ஒரு ப்தான் வித்தியாசம், யாராவது தப்பா டைப் பண்ணுவாங்கங்கறது உண்மைதான், பண்ணட்டும், ஏர் ஃப்ரையர் பத்தின பேச்சுல யாரும் கத்திரிக்காயை நினைக்கப் போறதில்ல.

> பேரு இருக்கட்டும், அதை எடுக்கறது எப்படின்னு யாராவது சொல்லுங்களேன்.

நியாயம். முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு ஆற விடுங்க. இழுப்பறைல சுடுதண்ணி ஊத்தி சோப்பு நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊற வச்சா மேல இருக்கற பிசுக்கு போயிடும். காய்பிசுக்குக்கு சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கெட்டியாக் குழைச்சு அப்பி ஒரு மணி நேரமோ, ராத்திரி பூராவோ விடுங்க, அப்புறம் பழைய டூத் பிரஷ், மெத்துனு இருக்கற ஸ்பாஞ்ச். ஒரே தடவைல போகாது, மூணு நாலு தடவை பண்ணனும், ஓரம் லேசாக் கிளம்பும், அங்கேருந்து உரிஞ்சுட்டு வரும். சோடால வினிகரை ஊத்திப் பொங்க விடறாங்களே, பாக்க நல்லாருக்கும், ஆனா அமிலமும் காரமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு கார்பன் டை ஆக்சைடாப் போயிடுது, மிச்சம் லேசான உப்புத்தண்ணி. சோடா வேலை செய்யணும்னா அதைத் தனியா விடுங்க. பொறுமை இல்லன்னு சலவைச் சோடா பக்கம் போகாதீங்க, அது காரம் அதிகம், அலுமினியத்தை அரிச்சுக் கருக்க வச்சுடும். டிஷ்வாஷர் பொடிக்கும் கிட்டத்தட்ட இதே குணம்தான்.

நான்ஸ்டிக் பூச்சு சூட்டுல கெட்டுடுமான்னு ஒருத்தர் பயந்திருந்தீங்க. டெஃப்லான் வகை சுமார் 260 டிகிரிக்கு மேல போனாத்தான் சிதைய ஆரம்பிக்கும், இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 200 டிகிரியோட நின்னுடும். பூச்சுக்கு எமன் சூடு இல்ல, நம்ம கைதான்.

கம்பிச்சுருளைத்தான் பாதிப் பேர் மறந்துடறாங்க. பெட்டியைத் தலைகீழாக் கவுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க, சுருளுக்கு நடுவுல பழுப்பா சொட்டுச் சொட்டா உக்காந்திருக்கும். தண்ணி ஊத்தக் கூடாது, பிழிஞ்ச துணியால துடைக்கணும், பிரஷ்ஷால மெல்லத் தட்டணும், நல்லாக் காயறவரைக்கும் ஆன் பண்ணக் கூடாது. கருப்புப் புகை வந்தா அங்க ஏதோ ஒட்டிக் கருகுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்திடுங்க. வெள்ளைப் புகைன்னா பெரும்பாலும் கீழ இழுப்பறைல வழிஞ்ச கொழுப்பு காயுது, கோழி மாதிரி கொழுப்பு இறங்குற பொருள் வைக்கிறப்போ அடில ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டா அடங்கிடும்.

சல்லடைத்தட்டோட ஓரத்துல குட்டிக் குட்டியா சிலிக்கான் கால் இருக்கும், நாலோ ஆறோ, தட்டு இழுப்பறையை உரசாம இருக்கறதுக்கு. அதைக் கழட்டிப் பாத்தா உள்ள ஒரு கருப்பு வளையம் பிடிச்சிருக்கும், வாசனைக்கு முக்கால் பங்கு காரணம் அதுதான்னு எனக்கு ஒரு சந்தேகம். பல்குத்தியில பஞ்சு சுத்தி எடுத்தேன். கழுவுறப்போ ஒண்ணு சிங்க் ஓட்டைல போயிடுச்சு, அதுலேருந்து கிண்ணத்துல போட்டுத்தான் கழுவறேன். இந்தக் காலுக்கும் பேரு இல்ல. 'முட்டு'ன்னு சொல்லலாமா? சரி, அது தனி மடல்.

கடைசியா ஒரு சந்தேகம், இதுக்கு எல்லாரும் பதில் எழுதுங்க. பேரு மட்டும் வச்சாப் போதாது, அதுக்கு ஒரு வினை வேணும், இல்லன்னா சொல் பட்டியல்லயே செத்துடும். துரு பிடிக்கும், கறை படியும், பிசுக்கு ஏறும். காய்பிசுக்கு என்ன பண்ணும்? நான் இந்த மடல் பூரா 'பிடிக்கும்'னு எழுதிட்டு வந்திருக்கேன், யோசிச்சு எழுதல, தானா வந்துச்சு. எங்க வீட்ல சொல்லிப் பாத்தேன், 'தட்டுல காய்பிசுக்கு ஏறிடுச்சு'ன்னு திருப்பிச் சொன்னாங்க. எடுக்கறதுக்கு நான் 'உரிக்கறது'ங்கறேன், அவங்க 'கழட்டறது'ங்கறாங்க. உங்க வாயில எது வருதுன்னு யோசிக்காம சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க, தம்பி எழுதிட்டு இருக்கற பராமரிப்புக் குறிப்புல அதையே போட்டுடலாம்.