கேசீன் படம் உதிருது, அவசர உதவி தேவை

நீலப்பொட்டு: கேசீன்ங்கிற பால் புரதத்தில் செஞ்ச பால் பெயின்ட்டில் வரைந்த படம், ரெண்டு வருஷம்தான் ஆச்சு. ஓரமெல்லாம் செதில் செதிலா எழும்பி உதிருது. கறுப்புப் பகுதியில் வெள்ளையா ஏதோ பூத்திருக்கு. மேலே வார்னிஷ் அடிச்சா நிக்குமா? அடுத்த வாரம் கண்காட்சி.

தூரிகைவால்: எதுமேல வரைஞ்சீங்க? துணியா, பலகையா?

சுண்ணாம்புப்பித்தன்: கேசீனை எதில் கரைச்சீங்க? சுண்ணாம்புன்னா காஞ்சதும் தண்ணிக்கு அசையாது. வெங்காரம்னா (போராக்ஸ்) ஈரப் பஞ்சு வச்சாலே பஞ்சில் நிறம் ஏறிடும். என் சந்தேகம் வெங்காரம்தான்.

பழையகை: மாசம் மூணு தடவை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கமே போச்சு. கேசீன் காயும்போது சுருங்கி, கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும். துணி ஈரத்துக்குத் தளரும், இறுகும். விறைச்சது வளையுமா? உடையத்தான் செய்யும். பலகையில போடுங்க, மெல்லிசா போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

நீலப்பொட்டு: துணிதான். கடையில வாங்கின பொடி, தண்ணி கலந்தேன். கொஞ்சம் தடிமனாவே போட்டேன்.

சுண்ணாம்புப்பித்தன்: பொடின்னா பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்திருக்கும். நீலம் எது? பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பழுப்பாயிடும்.

பழையகை: வெங்காரம்னு சொன்ன வாய் இப்போ சுண்ணாம்புங்குது. அவர் கேட்டது உதிர்றதைப் பத்தி.

சுண்ணாம்புப்பித்தன்: கரைக்கிற பொருள் தெரியாம வைத்தியம் சொல்ல நான் என்ன ஜோசியரா?

ஈரப்பஞ்சு: சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். வார்னிஷ் வேண்டாம். மங்கலான பரப்பு கறுத்துப் பளபளக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடிச்சு, பூதக்கண்ணாடியில அந்த வெள்ளையைப் பாருங்க. பஞ்சு நூல் மாதிரின்னா பூஞ்சை. பளிச்சுனு துகளா இருந்தா உப்பு. கேசீன் புரதம், ஈரம் கிடைச்சா பூஞ்சைக்கு விருந்துதான். பூஞ்சைன்னா ஈரத்துணியால துடைக்காதீங்க, நிறமும் சேர்ந்து வந்துரும். மத்த படங்களை விட்டுத் தள்ளி வைங்க. காத்தில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற அறையா பாருங்க. நல்லா காஞ்சப்புறம், முகக்கவசம் போட்டு, மென்தூரிகையால தட்டுங்க. செதில் எழும்பின இடத்தைத் தொடாதீங்க. அதை ஒட்ட, ஓவியங்களைப் பழுதுபார்க்கிற பாதுகாப்பாளர்கள் ஸ்டர்ஜன்ங்கிற மீன்ல எடுத்த பசையை நீர்க்கக் கரைச்சு, மெல்லிய தாள் வழியா விடுவாங்க. அதுவும் ஓரத்தில் சோதிச்ச பிறகுதான். உதிர்ந்த செதிலை எறியாம ஒரு டப்பாவில வைங்க.

தூரிகைவால்: முதல்ல அது நிஜமாவே கேசீன்தானான்னு பாருங்க. அக்ரிலிக்கையும் பால் பெயின்ட்னு விக்கிறாங்க.

பழையகை: அக்ரிலிக்கைப் பொடியா யாரு விப்பா?

நீலப்பொட்டு: நூல் மாதிரிதான் இருக்கு. கண்காட்சிக்கு வேற படம் அனுப்பிட்டேன். நன்றி.

சுண்ணாம்புப்பித்தன்: பொடி டப்பாவுல என்ன போட்டிருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?