பேஸ் கிட்டார் செட்டப்: சேடிலைத் தூக்கும் முன் நெக்கைப் பாருங்கள்

பேஸ் கிட்டாரை நீங்களே செட்டப் செய்து (கம்பியின் உயரம், நெக்கின் வளைவு எல்லாம் சரிசெய்து) பட்ட அனுபவம் எதுவானாலும் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நான்கு கம்பி, 34 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). பல வருடமாக 45-105 செட் (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரையிலான பருமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன், விரலுக்குக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும் என்று 40-95க்கு மாறினேன். இரண்டாம் நாளே ஈ கம்பியில் (இருப்பதில் தடித்தது) முதல் மூன்று ஃப்ரெட்டிலும் (கழுத்துப் பகுதியான நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஜிர்ர் என்று உரசல். உடனே பிரிட்ஜில், அதாவது உடல் பக்கம் கம்பிகள் முடியும் இடத்தில், கம்பியைத் தாங்கும் சேடிலைத் தூக்கினேன். போகவில்லை, இன்னும் தூக்கினேன். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 4 மி.மீ. ஆகிவிட்டது, சுண்டுவிரல் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது, உரசல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்புறம்தான் நெக்கைப் பார்த்தேன். சரியாக ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நடுவில் 8ஆவது ஃப்ரெட் பக்கம் கம்பியை விரல் நுனியால் தட்டினேன். டிக் டிக் என்று கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையவே இல்லை, கம்பி ஃப்ரெட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. அங்கே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தேவை. பழைய தடித்த கம்பிகள் இழுத்த இழுப்புக்கு ஈடாக ட்ரஸ் ராடு (நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டு) இறுக்கப்பட்டிருந்தது, மெல்லிய கம்பி போட்டதும் இழுப்பு குறைந்து, ராடின் கை ஓங்கி, நெக் பின்னால் வளைந்துவிட்டது. இதற்குச் சேடில் என்ன செய்யும்?

ட்ரஸ் ராடு நட்டை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தினேன். மறுபடி ட்யூன், சிறிது நேரம் விட்டு மறுபடி அளவு, இன்னும் அரைக்கால் சுற்று. உரசல் நின்றது. பிறகு சேடிலை இறக்கி 2.2 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். ட்ரஸ் ராடைத் தொட்டாலே நெக் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திரும்ப மறுத்தால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

இன்டோனேஷன் (எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் சுருதி சரியாக வரச் செய்வது) எப்போதும் கடைசியில். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி ஒரு ஸ்வரம். அழுத்தியது ட்யூனரில் கூடுதலாகக் காட்டினால் சேடிலைப் பின்னால் (நெக்கை விட்டு விலக) நகர்த்த வேண்டும், குறைவாகக் காட்டினால் முன்னால் (நெக் பக்கமாக). உயரத்தை மாற்றினால் இதுவும் மாறும், அதனால் முன்கூட்டியே செய்தால் இரண்டு முறை வேலை.

பதில் 1: புதுக் கம்பி போட்டும் ஈ மட்டும் பழசுபோல மந்தமாக ஒலித்தது எனக்கு. நீளத்தை அளந்து, வளைக்காமல் நேராக வெட்டியிருந்தேன். வெட்டிய முனையில் மேல்சுற்று (உள் கம்பியின் மேல் சுற்றிய உலோகச் சுருள்) நழுவித் தளர்ந்துவிட்டது, கம்பியே செத்துப்போனது. இப்போதெல்லாம் வெட்ட வேண்டிய இடத்துக்கு முன்பே செங்குத்தாக மடித்துவிட்டு, மடிப்பைத் தாண்டித்தான் வெட்டுகிறேன்.

பதில் 2: என்னுடையது ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது). வாசிப்பின் நடுவில் சத்தம் சிதறி, தேய்ந்து, போயே போய்விட்டது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) போச்சு என்று கழற்றிப் பார்த்தேன், கடைசியில் 9 வோல்ட் பேட்டரி. கேபிளை ஜாக்கில் செருகினாலே உள்ளே சர்க்யூட் ஓட ஆரம்பித்துவிடும், நான் ராத்திரி முழுக்கச் செருகியபடியே விட்டுவந்திருக்கிறேன். இப்போது வாசித்து முடித்ததும் முதல் வேலை கேபிளை உருவுவது.

பதில் 3: முதல் மூன்று ஃப்ரெட் என்றீர்களே, எனக்கு எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் வாசித்தால் மட்டும் ஏ கம்பி உரசுகிறது, அழுத்தினால் சுத்தமாக இருக்கிறது.

அதற்கு என் பதில்: அப்படியென்றால் நெக்கை விடுங்கள், நட்டில் (ட்ரஸ் ராடு நட் அல்ல, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) ஏ கம்பி உட்காரும் பள்ளம் ஆழமாகிவிட்டிருக்கும். 3ஆவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். துளியும் இல்லையென்றால் நட்டை மாற்ற வேண்டியதுதான்.