மறுமொழி: சாட்டர்னைன், தமிழில் எப்படி?

அன்புள்ள ஐயா,

> 'சனிக்குணம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, மூலத்தோடும் ஒட்டுகிறது.

'சாட்டர்னைன்' (saturnine) என்ற ஆங்கிலச் சொல்லின் மூலத்தோடு ஒட்டுகிறது, சரி. ஆனால் படிப்பவர் மனம் வேறெங்கோ போய்விடும். என் வரைவில் "சனிக்குணம் கொண்ட மருத்துவர்" என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் "ஏழரையா, அட்டமமா?" என்று கேட்டிருந்தார். நமக்குச் சனி என்றால் ஆளைப் பிடிப்பது. ஆங்கிலச் சொல் சொல்வதோ ஆளின் சுபாவத்தை: அதிகம் பேசாத, லேசில் சிரிப்பு வராத இறுக்கம்.

இத்தனைக்கும் ரோமர்களின் சாட்டர்ன் கடவுள் உம்மணாமூஞ்சி இல்லை. டிசம்பரில் அவருக்கு எடுத்த திருவிழாவில் எசமானர்களே அடிமைகளுக்குப் பரிமாறியதுண்டு. சொல் வந்தது கோளிலிருந்து. வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கோள்களில் அதுதான் கடைசி, ஒரு சுற்றுக்கு 29½ ஆண்டு. அதனால் குளிர்ச்சி, மந்தம், சோகத்துக்குக் காரணம் என்று பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பிய கரும்பித்தம் எல்லாம் அதன் தலையில் ஏறின. நம்மவர்களும் அந்த நடையைப் பார்த்துத்தான் மந்தன் என்றார்கள். சனைச்சரன் என்றாலே மெல்ல நடப்பவன். அது காதில் மாறி விழுந்துதான் 'சனீஸ்வரன்' என்று ஈஸ்வரப் பட்டம் வந்தது.

என் அவசரம் மருத்துவப் பொருளுக்கு. ரசவாதிகள் ஈயத்தை இந்தக் கோளின் உலோகம் என்றதால், பழைய நூல்களில் இதே பெயரடை ஈய நஞ்சையும் குறிக்கும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களுக்கு வயிறு முறுக்கும், கைகால் விளங்காமல் போகும். பழம் பிழியும் ஆலைகளில் ஈயம் பதித்திருந்தார்கள். புளிப்புச் சாறு அதைக் கரைத்துக்கொண்டு வந்தது. 1767இல் ஜார்ஜ் பேக்கர் இதை எடுத்துக்காட்டினார். இங்கே சனி என்று போட்டால் நோயாளி திருநள்ளாறுக்குத்தான் பஸ் ஏறுவார். எனவே மூட்டுக்கு 'ஈய வாதம்', வயிற்றுக்கு 'ஈயச் சூலை'.

சுபாவத்துக்கு 'காரிக்குணம்' என்று வைக்கலாமா? காரி சனிக்குப் பழைய பெயர், கருமையும் உள்ளே இருக்கிறது.

* * *

தம்பி,

ஈய வாதம், ஈயச் சூலை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். காரிதான் இடிக்கிறது. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காதில் 'காறி' என்று விழும். அப்புறம் துப்புவதுதான் பாக்கி. மழைக்கு முன்னால் மூடிக் கிடக்கும் வானத்தை மந்தாரம் என்கிறோமே, 'மந்தாரமுகம்' எப்படி? மந்தனும் காதில் ஒலிக்கிறான். மந்தாரைப் பூவை நினைத்து யாராவது அழகிய முகம் என்று பொருள் கொண்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.