குடும்பத்தோடு டென்ட்டில் தங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் விடுமுறையில் கொடைக்கானல் மன்னவனூர் பக்கம் இரண்டு இரவு டென்ட்டில் தங்க ஆசை. இ-பாஸ் எடுப்பது பெரிய வேலையில்லை. வீட்டில்தான் ஒரே குழப்பம்.

போன வருடம் ஏலகிரியில் ஓர் இரவு தங்கினோம். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னவள் நடுங்கிக்கொண்டு எழுந்தாள். பாய்க்குக் கீழே தரை அவ்வளவு சில்லென்று இருந்தது. விடிந்து பார்த்தால் டென்ட்டின் உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. மழைதான் ஒழுகிவிட்டது என்று நினைத்தோம். எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான் குளிர்ந்து படிந்திருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க இழுத்து மூடியது தப்பு. மனைவி அன்றைக்கே "இனிமேல் ரூம்தான்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த இரவில்தான் பெரியவன் என் மடியில் தலை வைத்து, பள்ளியில் தன்னை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்று சொன்னான். வீட்டில் எத்தனை கேட்டும் வாய் திறக்காத பிள்ளை. அதை நினைத்தால் முதுகுவலியெல்லாம் ஒன்றுமே இல்லை.

இந்த முறை அம்மாவும் வருகிறேன் என்கிறார். 68 வயது, மூட்டுவலி. கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழும். தரைக்கு எதை விரித்தீர்கள்? ராத்திரி கழிப்பறைக்குப் பெரியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அம்மாவை மட்டும் பக்கத்தில் ஓர் அறையில் தங்க வைத்தால் மனம் வருந்துவாரோ என்றும் யோசனை. போய் வந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.