4 அடி கடல்நீர் டேங்கில் சம்ப் சேர்ப்பது: துளை போடுவதா, தொங்கும் ஓவர்ஃப்ளோவா?

கேள்வி

வணக்கம். சென்னையில் 48 × 18 × 18 இன்ச் கடல்நீர் டேங்க் வைத்திருக்கிறேன். கடையில் சொல்லி ஒட்டிய 10 மி.மீ. கண்ணாடி. இரண்டு கிளவுன் மீன், ஒரு யெல்லோ டேங் மீன், கொஞ்சம் ஸோவாந்தஸ், ஒரு லெதர் கோரல் (இரண்டும் பவள இனம்) இருக்கின்றன. வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரும், பின்னால் மாட்டிய சிறிய ஸ்கிம்மரும் (அழுக்கை நுரையாக்கி எடுப்பது) ஓடுகின்றன. கழிவால் சேரும் நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. டேங்குக்குக் கீழே, தண்ணீரைச் சுத்தம் செய்யும் தனித் தொட்டியான சம்ப் போடலாம் என்று முடிவு.

ஸ்டாண்டுக்குள் 44 இன்ச் நீளம், 16 அகலம், 26 உயரம் இடம் இருக்கிறது. டேங்கில் துளை இல்லை. துளை போட வேண்டுமா, U வடிவக் குழாய் (யூ டியூப்) வழியாகத் தண்ணீரை வெளியே இறக்கும், விளிம்பில் தொங்கும் ஓவர்ஃப்ளோ பாக்ஸ் போதுமா? சம்ப் என்ன அளவு, பம்ப் எவ்வளவு? எங்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போய் வரும்.

பதில் 1

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது சார். கரண்ட் போய் வரும் வீட்டில் யூ டியூப் ஓவர்ஃப்ளோ வேண்டாம், துளை போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். யூ டியூப் சைஃபனில், அதாவது தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு இறங்கும் விசையில், ஓடுவது. தண்ணீரோடு வரும் குமிழிகள் வளைவின் உச்சியில் சேர்ந்துகொண்டே இருக்கும். நீரோட்டம் வேகமாக இருந்தால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும், மெதுவாக இருந்தால் ஒருநாள் சைஃபன் அறுந்துவிடும். 'இன்னொரு டியூப் இருந்தால் பாதுகாப்பு' என்று இரண்டாவதைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதே தண்ணீர் இரண்டாகப் பிரியும்போது இரண்டிலும் வேகம் பாதியாகி, குமிழி தங்குவது இன்னும் எளிதாகிறது. சைஃபன் அறுந்த பிறகும், சம்பில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நிற்காது. கீழே இருப்பதையெல்லாம் மேலே ஏற்றும், தண்ணீர் டேங்கின் விளிம்பு தாண்டி ஹாலுக்கு வரும்.

சாதாக் கண்ணாடி என்றால் துளை போடலாம், டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கியது) என்றால் தொட்ட உடனே நொறுங்கும். ஒட்டிய கடையில் கேளுங்கள். நீங்களே பார்க்க வேண்டுமானால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கருநிறப் பட்டைகளோ புள்ளிகளோ தெரிந்தால் டெம்பர்டு.

பின்பக்கக் கண்ணாடியில், மூலையை ஒட்டாமல், 1 இன்ச் பல்க்ஹெட்டுக்கு (துளையில் குழாயைக் கசியாமல் பொருத்தும் இணைப்பு) இரண்டு துளைகள். பல்க்ஹெட்டை முதலில் வாங்கிக் கையில் வைத்து அளந்துவிட்டுத்தான் டைமண்ட் ஹோல் சா (வட்டமாக வெட்டும் பிட்) வாங்க வேண்டும். பெரும்பாலும் 45 மி.மீ. சரியாக இருக்கும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஒரு துளை விட்டம் இடைவெளி விடுங்கள். இரண்டு துளைகளுக்கு நடுவிலும் அப்படியே.

டேங்கை முழுக்கக் காலி செய்ய வேண்டாம். பாதித் தண்ணீரை, அதாவது 110 லிட்டர் போல, சுத்தமான டிரம்களில் எடுத்து வையுங்கள். வெளியே தெரியும் கோரல்களைத் தனி டப்பில் வைத்து, நீரை அலைக்கும் வேவ்மேக்கரைப் போட்டுவிடுங்கள். மீனைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், கீழே இருக்கட்டும். துளைக்கு உள்பக்கம் அகலமான டேப் ஒட்டி, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரை வாய் திறந்தபடி ஒட்டுங்கள். கண்ணாடித் தூளும் வெட்டி விழும் வட்டமும் அதில் விழும். டிரில்லில் ஹேமர் மோடு கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். குறைந்த வேகம், இடைவிடாமல் தண்ணீர். முதலில் 45 டிகிரி சாய்த்து ஒரு பிறை வடிவம் வெட்டிவிட்டு மெல்ல நிமிர்த்துங்கள். டிரில்லின் எடை தவிர வேறு அழுத்தம் கொடுக்கக் கூடாது. 10 மி.மீ. கண்ணாடிக்கு ஒரு துளை பத்து நிமிடம் எடுத்தால் சரியான வேகம். கடைசி ஒரு மில்லிமீட்டரில் கையை இன்னும் தளர்த்துங்கள், உள்பக்கம் சில்லு பெயர்வது அங்கேதான்.

ரப்பர் வாஷர் பல்க்ஹெட்டின் தலைப்பக்கம் வர வேண்டும், நட்டுப்பக்கம் அல்ல. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பானர் போட்டு முறுக்கினால் துளையில் இருந்து விரிசல் ஓடும்.

பதில் 2

துளை விஷயத்தில் மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அளவு விஷயத்தைப் பார்ப்போம். சம்ப் வாங்கும் முன் காகிதத்தில் இரண்டு கணக்குகள் போட வேண்டும்.

முதல் கணக்கு, கரண்ட் போகும் நேரம். உங்கள் டேங்கில் ஒரு இன்ச் தண்ணீர் 14 லிட்டர். பம்ப் நின்றதும் ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் வழிந்து விழும் பல் விளிம்பு வரையிலும், ரிட்டர்ன் குழாயின் வாய் வரையிலும் தண்ணீர் கீழே வரும். இரண்டு இன்ச் இறங்கினால் 28 லிட்டர், குழாய்களில் இருப்பதையும் சேர்த்து 30 என்று வையுங்கள். 30 × 14 × 16 இன்ச் சம்பில் ஒரு இன்ச் ஏறக்குறைய 7 லிட்டர். ஓடும்போது மட்டம் 9 இன்ச்சில் இருந்தால் மேலே 7 இன்ச், அதாவது 48 லிட்டர் காலியாக இருக்கும். தாராளம்.

ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு முக்கால் இன்ச் கீழே வையுங்கள். ஆழத்தில் வைத்தால் அந்த ஆழம் வரை சைஃபனில் கீழே போய்விடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மி.மீ. ஓட்டை போடுவதும் நல்லதே, ஆனால் பாசி அடைக்கும், நத்தை போய் உட்காரும். தண்ணீரைத் திரும்பி வர விடாத 'நான்-ரிட்டர்ன்' வால்வும் வாங்கலாம். அதற்குள் சுண்ணாம்பு படிந்தால் முழுசாக மூடாது. இவை இரண்டும் இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது கணக்கு, டிரெயின் (தண்ணீர் சம்புக்கு இறங்கும் குழாய்) அடைத்துக்கொள்ளும் நேரம். டேங்கின் விளிம்புக்குக் கீழே ஒரு இன்ச் காலி என்றால் 14 லிட்டர்தான் தாங்கும். அதனால் சம்பில் பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறையில் அது உறிஞ்சக்கூடிய தண்ணீர் 14 லிட்டருக்குள் இருக்க வேண்டும். 8 × 14 இன்ச் அறையில் 7 இன்ச் தண்ணீர் என்றால் 13 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சரியாக வருகிறது.

ஆனால் சின்ன ரிட்டர்ன் அறைக்கு ஒரு விலை உண்டு. ஆவியாகும் தண்ணீர் முழுவதும் அந்த ஓர் அறையில்தான் குறையும். நாளைக்கு 4 லிட்டர் போனால் மட்டம் 2 இன்ச்சுக்கு மேல் இறங்கும், மூன்றாம் நாள் பம்ப் காற்றை இழுக்கும். ஆவியானதைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப் அப் கட்டாயம். அதற்கு இரண்டு ஃப்ளோட் (மட்டம் பார்க்கும் மிதவை ஸ்விட்ச்) வையுங்கள்: ஒன்று ரிட்டர்ன் அறையில், மற்றது மேலே டேங்கின் விளிம்பருகே. டிரெயின் அடைத்தால் ரிட்டர்ன் அறை காலியாகும். டாப் அப் அதை ஆவியானதாக நினைத்து ஆர்ஓ தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். மேல் ஃப்ளோட் டாப் அப்பையும் ரிட்டர்ன் பம்பையும் சேர்த்து நிறுத்த வேண்டும்.

பம்ப்: சம்ப் வழியே மணிக்கு 1000 முதல் 1250 லிட்டர் போதும். கோரலுக்கு வேண்டிய அலையை வேவ்மேக்கர் கொடுக்கும். பெட்டியில் எழுதியிருப்பது பூஜ்ய உயர அளவு. உங்களுக்கு 1.1 மீட்டர் போல ஏற்றம், எல்போக்களின் தடையையும் சேர்த்து 1.4 என்று வையுங்கள். பம்போடு வரும் வரைபடத்தில் 1.4 மீட்டருக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். மாட்டிய பின் டிரெயினை வாளியில் பிடித்துச் சரிபார்க்கலாம்: 30 விநாடியில் 10 லிட்டர் வந்தால் மணிக்கு 1200.

கேட்டவர்

மிக்க நன்றி சார். இரண்டு துளைகளிலும் குழாய் எப்படி? கேனிஸ்டரை எப்போது எடுப்பது? சம்ப் அறைகளில் என்ன போடுவது?

பதில் 1

ஒரு குழாய் முழு சைஃபன், கேட் வால்வோடு. இரண்டாவது அவசரக் குழாய், வால்வே இல்லாமல், வாய் அரை இன்ச் உயரத்தில். முதலாவது அடைத்தால் மட்டம் ஏறி இரண்டாவதில் விழும், சலசலவென்ற சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை. பால் வால்வில் நுணுக்கமாகத் திருப்ப முடியாது, கேட் வால்வு வாங்குங்கள், பிவிசியில் மட்டும். பித்தளை வால்வில் தாமிரம் கரையும், நத்தையும் கோரலும் தாங்காது. சைஃபன் குழாயின் முனை சம்பின் நீரில் ஒரு இன்ச்சுக்கு மேல் மூழ்க வேண்டாம். ஆழமாகப் போனால் கரண்ட் வந்ததும் குழாயில் உள்ள காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு போடுங்கள். பம்ப்பக்கம் ஒரு யூனியன் வைத்தால் கழற்றிக் கழுவலாம்.

பதில் 3

அறைகள் பற்றி மட்டும் சொல்கிறேன் நண்பரே. முதலில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டும் பை), 3–4 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் கேனிஸ்டர் செய்ததையே அதுவும் செய்யும்: அழுக்கைப் பிடித்து வைத்து நைட்ரேட்டாக மாற்றும். அடுத்தது ஸ்கிம்மர் அறை. நீர்மட்டம் மாறாமல் 8–9 இன்ச்சில் நிற்க வேண்டும், உங்கள் ஸ்கிம்மர் கேட்கும் ஆழத்தைப் பார்த்து அங்கே பேஃபிளை (தடுப்புக் கண்ணாடியை) ஒட்டச் சொல்லுங்கள். ஸ்கிம்மர் கப்பை மேலே தூக்கி எடுக்க ஸ்டாண்டுக்குள் இடம் இருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். பிறகு கீட்டோ பாசிக்கு ஓர் அறை, இரவில் எரியும் விளக்கோடு. காலர்பா பாசி வேண்டாம், ஒரே இரவில் கரைந்து தண்ணீரைக் கெடுக்கக் கூடியது. அப்புறம் ஒரு இன்ச் இடைவெளியில் குமிழித் தடுப்பு பேஃபிள்கள், கடைசியில் ரிட்டர்ன்.

கல் போட நினைத்தால் உலர்ந்த செயற்கைக் கல்லோ செராமிக் மீடியாவோ வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளக்கல் என்று யாராவது விற்றால் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கேனிஸ்டரை உடனே எடுக்காதீர்கள். சம்போடு சேர்த்து நான்கு வாரம் ஓடட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு கூடை மீடியாவாக எடுத்து, அம்மோனியா பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள். மணலைக் கிளற வேண்டாம்.

சம்ப் நிரப்பப் புதிதாக 60 லிட்டர் வேண்டும், உப்பு 2.2 கிலோ போல. முந்தைய நாளே கலந்து, உப்புத்தன்மையையும் வெப்பத்தையும் டேங்கோடு சரிபார்த்து ஊற்றுங்கள்.

பதில் 2

ஒன்று விட்டுப்போனது. சம்பைச் சாதாத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்கக் கசிவு பாருங்கள். அதற்கும் முன், ஸ்டாண்டின் கதவு வழியாக அது உள்ளே நுழையுமா என்று அளவு எடுங்கள். உள்ளே 44 இன்ச் இருந்தாலும் நடுவில் ஒரு கால் நின்றால் 30 இன்ச் சம்ப் போகாது.

பிளக் பாயிண்டுகள் சம்புக்கு மேலே, பக்கவாட்டில். ஒவ்வொரு வயரும் பாயிண்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் தானே அணையும் ஸ்விட்ச்) இல்லாமல் ஸ்விட்ச் போடாதீர்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் நீங்களே ஸ்விட்சை அணைத்துப் போட்டு, குறைந்தது ஐந்தாறு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் சம்பில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்து சைஃபன் குழாயின் வாயைக் கையால் மூடி, அவசரக் குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கவில்லை என்றால் பம்பின் வேகத்தைக் குறையுங்கள்.

கேட்டவர்

கதவு அளந்தேன் சார், 21 இன்ச்தான், நடுவில் கால் இருக்கிறது. பின்பக்கம் திறந்த ஸ்டாண்ட், டேங்கைச் சுவரில் இருந்து நகர்த்த முடியாது.

பதில் 2

அப்படியானால் சாய்த்து உள்ளே நுழைக்க வழி இருக்கிறதா என்று 30 × 14 அளவில் அட்டைப்பெட்டி ஒன்று செய்து முயன்று பாருங்கள். நுழையாவிட்டால் 20 × 14 இன்ச்சில் இரண்டு தொட்டிகள், நடுவில் 2 இன்ச் பல்க்ஹெட் குழாயால் இணைத்து: முதலாவதில் சாக்கும் ஸ்கிம்மரும், இரண்டாவதில் பாசியும் ரிட்டர்னும். அந்தக் காலை மட்டும் அறுக்காதீர்கள், தண்ணீரும் கல்லும் சேர்த்து 300 கிலோவுக்கு மேல் அதன் மேல் நிற்கிறது. டேங்கை நகர்த்த முடியாது என்றால் டிரில் நேராக நுழையச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடம் வேண்டுமே, அதையும் அளந்து சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடியில் துளை போடலாம்.