மிசோ மாப்பிள்ளை, நெல்லைப் பெண்: வழி சொல்லுங்கள்

பாளையங்கோட்டை, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை நாங்கள். பெங்களூருவில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள், 2 வருடமாகப் பழகிய, மிசோரம் தலைநகர் ஐசாலைச் சேர்ந்த மிசோ பையனை மணக்க விரும்புகிறாள். பிரஸ்பிட்டேரியன் சபை, நல்ல விசுவாசி. "நம்ம ஜனம் இல்லையே" என்று என் கணவர் 8 மாதமாக மறுக்கிறார்.

எத்தியோப்பிய ஸ்திரீயை மணந்த மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாமைத்தான் கர்த்தர் தண்டித்தார் என்று எண்ணாகமம் 12-ஐக் காட்டினேன். இஸ்ரவேலனை மணந்த மோவாபியப் பெண் ரூத்தையும் சொன்னேன். அவர், அந்நிய ஜாதி மனைவிகளை இஸ்ரவேலர் தள்ளிவிட்டதைச் சொல்லும் எஸ்றா 10-ஐ எடுக்கிறார். அது அந்நிய தெய்வங்கள் சம்பந்தப்பட்டது, இனம் அல்ல என்றாலும் கேட்பதில்லை. குருவானவர் வந்து ஜெபித்தார், முடிவு சொல்லவில்லை. மிசோ வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பணம் கொடுப்பதும் என் கணவருக்கு உறுத்தல். நாம் வாங்கும் வரதட்சணையைவிட அது மோசமா என்ன?

மே மாதம் சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். வேற்று இனத்தில் சம்பந்தம் செய்தவர்களே, தகப்பன் மனதை எப்படிக் கரைத்தீர்கள்?