ஸ்பேசர் போட்ட சக்கரம்: எங்களுக்கு நடந்தது

ஸ்விஃப்ட், ஈரோடு

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஸ்விஃப்டுக்குப் பழைய அலாய் வீல் ஒரு செட் வாங்கினேன். 15 இன்ச், 7 இன்ச் அகலம். மாட்டிப் பார்த்தால் முன் சக்கரத்தின் உள்விளிம்பு ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் தூணை) உரசியது. டயர் கடைத் தம்பி உள்ளே போய், ஏகப்பட்ட ஓட்டை போட்ட அலுமினியத் தகடு ரெண்டு எடுத்து வந்தார். ஸ்பேசர் என்பது இதுதான், சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைப்பது. 5 மி.மீ. தடிமன். "எல்லா வண்டிக்கும் சேரும்ணா. இதைப் போட்டா உள்ள இடிக்காது" என்றார். இடிக்கவில்லைதான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாளே 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங் செய்தேன், அலைன்மென்ட் பார்த்தேன். மெஷினில் எல்லாம் சரியாகக் காட்டும், ரோட்டில் ஏறினால் மறுபடி நடுக்கம்.

ஒரு மாதம் கழித்துக் குடும்பத்தோடு கோவை போய்க்கொண்டிருந்தோம். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டியதும் இடது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். நாலு நட்டில் ஒன்று ஸ்டட்டோடு (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக்கம்பி) போய்விட்டிருந்தது. ஓட்டைக்குள் தெரிந்த முறிவில் பாதி கறுத்திருந்தது, மீதி புது இரும்பாய் மின்னியது. மற்ற மூன்றில் ரெண்டு நட்டு கையால் சுற்றினாலே வந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

வண்டியை லாரியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோனோம். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் விஷயத்தைப் புரியவைத்தார். வலது சக்கரத்தின் ஒரு நட்டை முழுக்க இறுக்கச் சொல்லி, பிறகு கழற்றிக்கொண்டே சுற்றை எண்ணச் சொன்னார். ஆறு சுற்றில் கையோடு வந்துவிட்டது. ஸ்பேசரை எடுத்துவிட்டு எண்ணினால் பத்து. "பார்த்தீங்களா, நாலு சுற்று மரையை அந்தத் தகடு தின்னுருச்சுங்க" என்றார்.

ஸ்விஃப்ட் ஸ்டட் 12 மி.மீ. விட்டம், மரை 1.25 மி.மீ. இடைவெளி. ஸ்டட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளமாவது நட்டுக்குள் மரை பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பத்து சுற்று வேண்டும். எனக்கு இருந்தது ஏழரை மி.மீ.

அப்புறம் நடுக்கத்துக்கு வந்தார். ஸ்விஃப்ட் ஹப்பின் நடு விளிம்பு 54.1 மி.மீ. நான் வாங்கிய ரிம்மின் நடு ஓட்டை 73.1. இந்த மாதிரி ரிம்கள் பல வண்டிக்கும் சேரட்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும். நடுவில் ஹப் ரிங் போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். ரிங் என்னிடம் இருந்தது. ஆனால் தகடு ஹப் விளிம்பை முக்கால்வாசி மூடிவிட்டதால் அது பிடிக்கவில்லை, கடையில் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சக்கரம் நடுவில் உட்காராமல் நாலு ஸ்டட்டை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. பேலன்சிங் மெஷின் ரிம்மைத் தன் கூம்பில் சரியாக நடுவில் பிடித்துக்கொள்கிறது. பிறகு எப்படிக் கோளாறு தெரியும்?

கார் எடையை ஸ்டட் தாங்குவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் நட்டு இறுக்கும் இறுக்கத்தில் ரிம் முகமும் ஹப் முகமும் ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும் பிடிதான் தாங்குகிறது. சல்லடை மாதிரி ஓட்டை போட்ட தகட்டுக்குக் கவ்வ இடம் குறைவு. ஹப்பில் துரு இருந்தால் நாளாக நாளாக அது நசுங்கி இறுக்கம் விட்டுப்போகும். பிடி தளர்ந்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து நிமிரும். என் ஸ்டட் அப்படித்தான் முறிந்தது.

போலோ, மதுரை

அண்ணா, படிக்கும்போதே பதறிவிட்டது. போலோவில் ஸ்டட் கிடையாது, போல்ட்தான். 14 மி.மீ., 1.5 மரை. நான் பின் சக்கரத்துக்கு 10 மி.மீ. ஸ்பேசர் போட்டு, 10 மி.மீ. நீளம் கூடிய போல்ட்டும் வாங்கி, டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டர் வைத்து ஒழுங்காகத்தான் இறுக்கினேன். ஒரு வருஷம் எந்தத் தொல்லையும் இல்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு மேலூர் தாண்டி பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தவர் ஸ்பேசரை ஏதோ தகடு என்று நினைத்துக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டார். போல்ட் அதே நீளப் போல்ட். வண்டி நகர்ந்ததும் பின்னால் கரகரவென்று அரைக்கிற சத்தம். உடனே நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால் போல்ட் நுனிகள் ஹப்பைத் தாண்டி டிரம்முக்குள் போய் பிரேக் பாகங்களை உரசியிருந்தன. நல்லவேளை, ஷூ ஸ்பிரிங் மட்டும் வளைந்தது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. கம்பெனி போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டை, நான் வெளியில் வாங்கி மாட்டியிருந்த ரிம்மின் போல்ட்டுக்குக் கூம்பு. ஸ்டெப்னி இரும்பு ரிம்மில் கூம்பு போல்ட் சரியாக உட்காராது. இப்போது கம்பெனி போல்ட் ஐந்தையும் ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னி குழிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பஞ்சர் பார்ப்பவரிடம் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஐ20, திருச்சி

நான் அழகுக்காகப் பின் சக்கரத்துக்கு ஸ்பேசர் போட்டவன். தனியாக ஓட்டும்போது நன்றாக இருந்தது. ஐந்து பேர் ஏறி ஸ்பீடு பிரேக்கரில் இறங்கியபோது ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடி விளிம்பு) மடிப்பு டயர் தோளைச் சீவிவிட்டது. அன்றே கழற்றிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். இப்போது 7 இன்ச் அகலத்தில், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ. கணக்கில்) 45 உள்ள ரிம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் உள்ளே இடிக்காது என்கிறார்கள். உங்கள் வண்டியில் கடைசியில் என்ன செய்தீர்கள்?

ஸ்விஃப்ட், ஈரோடு

தம்பி, ஆஃப்செட் 45 ரிம்முக்கு 5 மி.மீ. ஸ்பேசர் போடுவதும், ஆஃப்செட் 40 ரிம்மை நேராக மாட்டுவதும் சக்கரம் நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். காசு கொடுப்பதற்கு முன்னால் 40 கிடைக்கிறதா என்று தேடுங்கள். அகலம் ஒரு இன்ச் கூடி ஆஃப்செட் மாறாவிட்டால் 12.7 மி.மீ. உள்ளே போகும், அதே அளவு வெளியேயும் வரும். மாட்டும் முன் ஸ்ட்ரட் பக்கமும் ஃபெண்டர் பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

நான் ரிம்மை ஏற்கனவே வாங்கிவிட்டதால் பெரியவரே வழி செய்து கொடுத்தார். பழைய ஸ்டட்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு 10 மி.மீ. நீளமானவற்றை ஏற்றினோம். தலைக்குக் கீழே இருக்கும் பல் அளவு அப்படியே பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஹப்பில் சுற்றிக்கொள்ளும். ஸ்பேசரை முழு அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தார். உள்ளே 54.1, வெளியே 73.1 அளவில் ஒரு உதடு. ரிம் அந்த உதட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும், தனி ரிங் வேண்டாம். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, சக்கரம் தூக்கியபடியே நட்டுகளைக் குறுக்கு வாட்டில் படிய வைத்து, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் இறுக்கினோம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தபோது ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.

100ல் போனாலும் ஸ்டியரிங் இப்போது அசையாமல் நிற்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ரிம் மாற்றியதை எழுத்தில் கொடுத்துவிட்டேன், ஸ்பேசரையும் சேர்த்துத்தான்.